கையெழுத்து ஒத்துப்போகிறது

நவம்பரில் மூன்று வாரம்
சியாட்டிலின் தெற்கே ஜன்னலில்லாத கூடத்தில்
தபால் வாக்கு உறைகளைப் பார்க்கிற வேலை எனக்கு.
திரையில் இரண்டு கையெழுத்து.
பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம்.
ஒத்துப்போனால் பச்சை,
இல்லையென்றால் வீட்டுக்குக் கடிதம்.
உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.
தெரியவும் கூடாது.

காஸ்கரா மலையின் உறைகள் முதல் வாரமே வந்துவிடும்.
நல்ல பேனா. அவசரமில்லாத வளைவுகள்.
பத்திரங்களில் போட்டுப் போட்டுப் பழகிய பெயர்கள்.
ஆற்றோரத்து எங்கள் உறைகள் கடைசி இரவில்,
காபிக் கறையோடு,
ஒன்றில் ஏதோ குழந்தை ஒட்டிய டைனோசரோடு.

சோல்வே ஹாக்லண்ட், வயது எண்பத்தொன்று, மலைக்காரி.
இடப்பக்கம் அவள் பெயர் பாய்மரம்போல் சாய்ந்து ஓடியது.
வலப்பக்கம் அதே படகு, அலையில் சிக்கியிருந்தது.
கை நடுங்குகிறது, அவ்வளவுதான்.
கடைசிக் கோடு இன்னும் மேல்நோக்கியே போகிறது.
பச்சையை அழுத்தினேன்.

அந்த மலையை எனக்குத் தெரியும்.
இரண்டு வருடம் அங்கே பிறர் நாய்களை நடத்திப்போனேன்.
வாசலுக்கு வாசல் ஒரு பலகை,
'எல்லோரும் வருக' என்று ஆறு மொழியில்.
ஆறாவது திக்ரின்யா, இரண்டு எழுத்து தப்பு
என்று படத்தைப் பார்த்துச் செனாய்ட் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மழைநாளில் எனக்குக் குடை கொடுத்து
திருப்பிக் கேட்காத வீடும் அதே தெருவில்தான்.

அந்த வருடம் மூன்று கேள்விகள்.
வாங்குகிற பொருளுக்கெல்லாம் டாலருக்கு அரை சென்ட் வரி,
வீடற்றவர்களுக்காக.
நெடுந்தண்டனைகளை மறுபடி எடைபோடுவது.
முப்பது லட்சத்துக்கு மேல் விலைபோகும் வீடுகளுக்கு
விற்கும்போது ஒரு வரி.

டிசம்பரில் தெருத்தெருவாய் நிறம் பூசிய வரைபடம் வந்தது.
முதலாவதற்கு மலை ஆம் என்றது, அடர்நீலத்தில்.
இரண்டாவதற்கும் ஆம்.
மூன்றாவதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்து
நூலிழையில் வேண்டாம் என்றது.
நாங்கள் அப்படியே தலைகீழ்.
அரை சென்ட் மேலே சில்லறைகூட இல்லை,
கீழே அது டயப்பர் கணக்கில் வந்து உட்காரும்.
செனாய்ட் கடையின் கண்ணாடி
ஒரே வருடத்தில் மூன்று முறை உடைந்தது,
ஒவ்வொன்றும் தொள்ளாயிரம் டாலர்.
பலகை அடித்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே
இரண்டாவதற்கு வேண்டாம் என்று நிரப்பினேன்
என்று அவளே சொன்னாள்,
என் தம்பி உள்ளே இருப்பது தெரிந்தும்.

மே மாதம் ஃபெலெட்டி வீடு வந்தான்.
பத்தொன்பதில் பதினொன்று முடித்திருந்தான்.
மீதி எட்டை மலை கழித்துக் கொடுத்தது.
அந்த நடுங்குகிற கோடும் அதில் இருந்ததா,
யாரிடம் கேட்பது?
நன்றி சொல்லப் போனால்
எந்தக் கதவைத் தட்டுவது?
தட்டினால் கதவுமணியின் கேமரா அவனை எப்படிப் பார்க்கும்?

மறுநாள் காலை செனாய்ட் அவனுக்குக் காபி ஊற்றினாள்.
கோப்பை நிறைய.
காசு வாங்கினாள், அரை சென்ட் வரியோடு.
இருவரும் எதுவும் பேசவில்லை.
பிறகு அவள் அவனிடம் கேட்டாள்,
"கண்ணாடி மாட்டத் தெரியுமா?"

இரவு அவன் என் கணினியில் அந்த வரைபடத்தைத் திறந்தான்.
எங்கள் தெருவை விரலால் தொட்டான்.
இரண்டாம் கேள்வி.
ஆம், நூற்றுப் பதினாலு.
வேண்டாம், இருநூற்று ஆறு.
நிரப்பாதவை, ஒன்பது.
"இந்த ஒன்பது பேர் யாரு?
பேனா தீர்ந்துபோச்சா?"

நீதிமன்றத்தில் அன்று எனக்கு முன்வரிசையில்
அவன் அடித்த மனிதரின் மகள் உட்கார்ந்திருந்தாள்.
அவள் சட்டையில் விலைச்சீட்டு கிழிக்காமல் தொங்கியது.
அதைச் சொல்லலாமா என்று
தீர்ப்பு வரும்வரை தவித்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கும்" என்றேன் தம்பியிடம்.

என் உறையை அந்தக் கூடத்தில்
வேறு யாரோ பார்த்திருப்பார்கள்.
இடப்பக்கம் நான், வலப்பக்கம் நான்.
பச்சை.